துள்ளாத பந்தின் காலத்து பண்ட்

1943-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் இரு பெரிய பேஸ்பால் லீகுகளும் பருவத்தைத் தொடங்கியபோது, ஆட்டக்காரர்களின் கைக்கு வந்தது முந்தைய ஆண்டின் பந்து அன்று. தென்கிழக்கு ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் ஜப்பானின் பிடிக்குள் போய்விட்டதால், கையிருப்பில் இருந்த ரப்பரை அமெரிக்க அரசு போர்த் தேவைகளுக்கென ஒதுக்கியிருந்தது. அதனால் ஸ்பால்டிங் நிறுவனம் பந்தின் உட்கருவைச் சுற்றி ரப்பருக்குப் பதிலாக பலாட்டா என்னும் பொருளைப் பயன்படுத்தியது. வெப்பமண்டல மரமொன்றின் பாலை உறையவைத்துச் செய்யப்படும் அது, கோல்ஃப் பந்துகளின் மேலுறைக்கு அப்போது வழக்கமாகப் பயன்பட்டுவந்தது. பேஸ்பாலுக்குள் புகுந்ததும் அது பந்தின் உயிரையே எடுத்துவிட்டது. சின்சினாட்டி ரெட்ஸ் அணி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியைத் தன் முதல் ஆட்டத்தில் 11 இன்னிங்குகள் ஆடி 1-0 என்று வென்றது. பருவத்தின் முதல் 29 ஆட்டங்களில் 11 ஆட்டங்கள், ஓர் அணி ஒரு ரன்கூட எடுக்காமலேயே முடிந்தன. நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியில் பந்தைச் சோதித்தவர்கள், அதன் துள்ளல் பழைய பந்தைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு என்று கண்டார்கள். பசையில்தான் குறை என்று நிறுவனம் விளக்கம் சொல்லி, சில வாரங்களுக்குள் பந்தைத் திருத்தியது. 1944-இல் செயற்கை ரப்பர் வந்து சேர்ந்தது.

போர்க்கால பேஸ்பாலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் பந்தின் கதையை அடுத்து ஒரு முடிவு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது: பந்து பறக்கவில்லை, பறக்கவிடத் தெரிந்தவர்களும் படையில் சேர்ந்துவிட்டார்கள், ஆகவே எஞ்சியிருந்தவர்கள் வேறு வழியில்லாமல், பந்தை ஓங்கி அடிக்காமல் மெல்ல உருட்டிவிடும் பண்ட் செய்தார்கள் என்பதே அது. அதில் பாதி உண்மை. மறுபாதி மட்டையாளரிடம் இல்லை. பண்ட்டைத் தடுக்க ஓடிவந்தவர்களின் கைகளில் இருக்கிறது. நெடுநாளாகப் பழைய ஆட்ட விவரங்களைப் படித்துவரும் எனக்கு, அந்த ஆண்டுகளின் பண்ட் அடிக்கத் தெரியாதவனின் புகலிடமாகத் தோன்றவில்லை. எதிரணியின் தடுப்பாட்டத்தின்மீது நம்பிக்கை இல்லாதவர்கள் போட்ட கணக்காகவே தோன்றுகிறது.

பண்ட் என்பது மட்டையை வீசாமல், குறுக்கே பிடித்து, பந்தை அதன்மேல் பட்டு மெல்ல உருளவிடும் ஆட்டம். கிரிக்கெட்டில் பந்தைத் தடுத்தாடுவதைப் போலத் தோன்றினாலும், இங்கே நோக்கம் தற்காப்பு இல்லை. பந்து வீசும் பிட்சர், மட்டையாளருக்குப் பின்னால் நின்று அதைப் பிடிக்கும் கேட்சர், மூன்றாம் பேஸ்மேன், முதல் பேஸ்மேன் ஆகிய நால்வருக்கும் எட்டியும் எட்டாத இடத்தில் பந்து சாகவேண்டும். மட்டையாளர் ஓடிச் சுற்றவேண்டிய நிலைகளே பேஸ்கள்; மூன்றையும் தாண்டி, புறப்பட்ட இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். முதல் பேஸில் நிற்கும் ஓட்டக்காரரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்துவதற்காக மட்டையாளர் தான் அவுட்டாவதை ஏற்றுக்கொண்டு செய்வது சாக்ரிஃபைஸ் பண்ட். தானே முதல் பேஸை அடைவதற்காக, ஓடத் தொடங்கியபடியே பந்தை இழுத்துக்கொண்டு போவதுபோல் செய்வது டிராக் பண்ட். மூன்றாம் பேஸில் இருப்பவரை ஹோம் பிளேட்டுக்கு வரவழைக்கச் செய்வது ஸ்குவீஸ். இரண்டு ஸ்டிரைக்குகளுக்குப் பிறகு (மூன்றாவது ஸ்டிரைக் என்றால் அவுட்) பண்ட் ஃபவுலாக, அதாவது ஆடுகளக் கோட்டுக்கு வெளியே, போனால் மட்டையாளர் அவுட் என்பது விதி. ஆகவே இது அஞ்சியவர்களின் ஆட்டம் என்று சொல்பவர்கள், முகத்துக்கு நேராக வரும் வேகப்பந்தின் எதிரே உடம்பைத் திருப்பி, மட்டையின் தடித்த பகுதிக்குப் பின்னால் விரல்களை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.

ஆட்டக் குறிப்பேடு பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். எண்களை வைத்து வாதாடுபவர்கள் இதைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். உயரே அடித்த பந்து பிடிபட்டு மட்டையாளர் அவுட்டானாலும், அதைப் பயன்படுத்தி மூன்றாம் பேஸிலிருந்து ஒருவர் ரன் எடுத்தால், மட்டையாளரின் கணக்கில் அந்த வாய்ப்பைச் சேர்க்காமல் விடுவது இன்றைய வழக்கம். 1908 முதல் 1930 வரை அத்தகைய அடிகள் சாக்ரிஃபைஸ் பண்ட்டுகளோடு ஒரே பத்தியில் சேர்த்தே எழுதப்பட்டன. பிறகு அந்தச் சலுகை நீக்கப்பட்டு, 1939-இல் ஓர் ஆண்டு மட்டும் திரும்பிவந்து, மீண்டும் மறைந்து, 1954-இல்தான் தனிப் பத்தியாக நிலைபெற்றது. இதனால் முதல் உலகப்போர்க் காலத்து சாக்ரிஃபைஸ் எண்ணிக்கையையும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பொருந்தாது. கிளீவ்லாந்தின் ரே சாப்மன் 1917-இல் எடுத்த 67 சாக்ரிஃபைஸ்கள் இன்றும் ஒரு பருவத்துக்கான சாதனையாக நிற்கின்றன. அவற்றில் எத்தனை உருண்டவை, எத்தனை பறந்தவை என்று அந்தப் பத்தியைப் பார்த்துச் சொல்லமுடியாது. 1942 முதல் 1945 வரையிலான பத்தியில் அந்தக் கலப்பு இல்லை. அங்கே சாக்ரிஃபைஸ் என்று எழுதியிருந்தால் பண்ட் மட்டும்தான்.

யார் போனார்கள், யார் இருந்தார்கள் என்பது பலரும் அறிந்த கதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, 1942 ஜனவரி 15 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பேஸ்பால் ஆணையர் கெனிசா மவுன்டன் லாண்டிஸுக்கு எழுதிய கடிதத்தில் ஆட்டம் தொடர்வது நாட்டுக்கு நல்லது என்று கூறினார். ஆனால் ஆட்டக்காரர்களுக்கு இராணுவச் சேவையிலிருந்து விலக்கு எதுவும் தரவில்லை. பிட்சர் பாப் ஃபெல்லரும் மட்டையாளர் ஹாங்க் கிரீன்பெர்க்கும் தொடக்கத்திலேயே போனார்கள். 1943-இல் பெரும் மட்டையாளர்களான டெட் வில்லியம்ஸும் ஜோ டிமாஜியோவும் இல்லை. பண்ட் செய்வதில் பெயர்பெற்ற நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஃபில் ரிசூட்டோவும் மூன்று பருவங்கள் கடற்படையில் இருந்தார் என்பதைப் பண்ட் பெருகியது பற்றிப் பேசுபவர்கள் நினைவில் கொள்வது நல்லது. பந்தை வேலிக்கு அப்பால் அடித்து எல்லா பேஸ்களையும் சுற்றிவரும் ஹோம் ரன் வீரர்களை மட்டும் போர் அழைத்துச் செல்லவில்லை. பெரிய லீகுகளிலிருந்து 500-க்கும் மேற்பட்டோர் சீருடை அணிந்தார்கள். அவர்கள் இடத்தை உடல்தகுதித் தேர்வில் தள்ளப்பட்டவர்கள், ஓய்வுக்குப்பின் திரும்பிவந்தவர்கள், மீசை முளைக்காத சிறுவர்கள் என்று பலரும் நிரப்பினார்கள். 1944 ஜூன் 10 அன்று ரெட்ஸ் அணிக்காகப் பந்துவீசிய ஜோ நக்ஸ்ஹாலுக்கு வயது 15. ஓர் இன்னிங்கைக்கூட முடிக்காமல் 5 ரன்களைக் கொடுத்து வெளியேறினார். அடுத்த ஆண்டு புரூக்ளினில் பேப் ஹெர்மன் தம் 42-ஆம் வயதில் மட்டை பிடித்தார்.

இதோடு பயிற்சிக் குறைவும் சேர்ந்தது. ரயில் பயணத்தைக் குறைக்கவேண்டும் என்பதால் 1943 முதல் 1945 வரை அணிகள் ஃபுளோரிடாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போகாமல், ஒஹாயோ, பொட்டோமாக் ஆறுகளுக்கு வடக்கேயே வசந்தகாலப் பயிற்சி எடுத்தன. சிகாகோ கப்ஸ் இண்டியானாவின் ஃபிரெஞ்ச் லிக்குக்கும், புரூக்ளின் டாட்ஜர்ஸ் நியூயார்க் மாநிலத்தின் பேர் மவுன்டனுக்கும் போனார்கள். மார்ச் மாதக் குளிரில் மட்டை வீசிப் பழகியவர்களிடம் ஏப்ரலில் பந்து பறக்கவேண்டும் என்று எதிர்பார்த்ததே அதிகம். பலாட்டா மீது விழுந்த பழியில் ஒரு பங்கு இந்தக் குளிருக்கும் உரியது என்றே நினைக்கிறேன்.

அடியின் வலு குறைந்ததற்குச் சான்றுகள் ஏராளம். 1945-இல் சிகாகோ வொயிட் சாக்ஸ் அணி முழுப் பருவத்திலும் 22 ஹோம் ரன்களே அடித்தது. வாஷிங்டன் செனட்டர்ஸ் 27 அடித்தார்கள். அவற்றில் தங்கள் சொந்த மைதானமான கிரிஃபித் ஸ்டேடியத்தில் அடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் வேலியைத் தாண்டவில்லை. ஜோ குஹெல் அடித்துவிட்டு ஓடியே எடுத்த ஹோம் ரன். அப்படிப்பட்ட அணி, சுழலாமல் தள்ளாடிவரும் நக்கிள்பால் வீசும் நான்கு பிட்சர்களை நம்பி, இரு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் பட்டத்தை ஒன்றரை ஆட்ட இடைவெளியில்தான் தவறவிட்டது. அந்த ஆண்டு லீகின் சிறந்த மட்டையாளர் பட்டம் பெற்ற யாங்கீஸின் ஜார்ஜ் ஸ்டர்ன்வைஸின் சராசரி (வாய்ப்புகளில் ஹிட் எடுத்த பங்கு) .309, 1905-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்த சராசரிக்கு அந்த லீகில் யாரும் பட்டம் பெற்றிருக்கவில்லை.

ரன்கள் அரிதாகும்போது ஒற்றை ரன்னின் மதிப்பு ஏறுகிறது. அடுத்து வருபவர் ஹோம் ரன் அடிக்கப்போவதில்லை என்று தெரிந்தால், ஓர் அவுட்டை விலையாகக் கொடுத்து ஓட்டக்காரரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்துவது மலிவான பேரமாகிறது. அங்கிருந்து அவரை ஹோம் பிளேட்டுக்குக் கொண்டுவர ஒரு சாதாரண ஹிட், அதாவது மட்டையாளரைப் பத்திரமாக பேஸில் சேர்க்கும் அடி, போதும். இந்த அளவுக்குப் பழைய விளக்கம் சரியே. ஆயினும் இந்தத் தருக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் இன்னிங்கிலேயே, ஒருவர் முதல் பேஸை அடைந்தவுடன், அடுத்தவரைக் கண்ணை மூடிக்கொண்டு பண்ட் செய்யச் சொன்ன மேலாளர்களை என்னால் ஆதரிக்கமுடியவில்லை. ஒன்பது இன்னிங்குகளுக்கு 27 அவுட்டுகள் என்பது போர்க்காலத்திலும் பங்கீட்டு அட்டையால் கூடாத கையிருப்பு. எதிரே பந்து வீசுபவரும் போருக்குமுன் இந்த லீகுக்குள் நுழைந்திருக்க முடியாதவர் என்னும்போது, அவருக்கு ஓர் அவுட்டை இனாமாகக் கொடுப்பானேன்?

பண்ட்டின் உண்மையான வேலை தொடங்குவது பந்து தரையைத் தொட்ட பிறகுதான். உருண்டுவரும் பந்தை ஒருவர் ஓடிவந்து குனிந்து எடுக்கவேண்டும். எந்த பேஸுக்கு எறிவது என்று அந்தக் கணத்திலேயே தீர்மானிக்கவேண்டும். உடல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது மறுபக்கம் எறியவேண்டும். அவர் எறியும் இடத்தில் ஒருவர் வந்து நின்றிருக்கவேண்டும். பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர்களுக்கே இது சிக்கலான கூட்டுவேலை. மாதத்துக்கு ஒருவர் படைக்குப் போய், அவர் இடத்துக்கு வேறொருவர் வந்துகொண்டிருந்த அணிகளில் இந்த ஒருங்கிணைப்பு எங்கிருந்து வரும்? ஒரு நல்ல பண்ட், எதிரணியின் நால்வருக்கு ஒரே நேரத்தில் தேர்வு வைத்துவிடுகிறது.

இதற்கு, இரு லீகுகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரில், 1944-இன் இரண்டாம் ஆட்டத்தைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. கார்டினல்ஸும் பிரவுன்ஸும் ஆகிய இரண்டு செயின்ட் லூயிஸ் அணிகளே மோதிய தொடர் அது. எல்லா ஆட்டங்களும் இரு அணிகளுக்கும் பொதுவான ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க்கில் நடந்தன. முதல் ஆட்டத்தில் பிரவுன்ஸ் இரண்டே ஹிட்டுகளை வைத்துக்கொண்டு, ஜார்ஜ் மெக்வின்னின் ஹோம் ரன்னால் 2-1 என்று வென்றிருந்தார்கள். அக்டோபர் 5 அன்று நடந்த இரண்டாம் ஆட்டத்தின் மூன்றாம் இன்னிங்கில், கார்டினல்ஸின் எமில் வெர்பன் முதல் பேஸில் நிற்க, பிட்சர் மாக்ஸ் லானியர் சாக்ரிஃபைஸாக ஒரு பண்ட் செய்தார். பிரவுன்ஸ் பிட்சர் நெல்ஸ் பாட்டர் ஓடிவந்து பந்தை எடுக்கத் தடுமாறினார். எடுத்தபின் எறிந்ததும் தவறிப்போனது. ஒரே பந்தில் ஒரே ஆளின் பெயரில் இரண்டு பிழைகள்! வெர்பன் மூன்றாம் பேஸை அடைந்து, அடுத்த மட்டையாளர் அவுட்டானபோது ரன் எடுத்தார். ஓர் அவுட்டை விலைகொடுக்கத் தயாராக வந்த லானியர் அந்த விலையைக்கூடக் கொடுக்கவேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் 2-2 என்று சமமாகி 11-ஆம் இன்னிங்குக்குப் போனது. பிரவுன்ஸின் மெக்வின் டபுள் அடித்து இரண்டாம் பேஸில் நின்றார். அவுட் எதுவும் இல்லை. அடுத்து வந்த மார்க் கிறிஸ்ட்மன் அவரை மூன்றாம் பேஸுக்கு நகர்த்துவதற்காகப் பண்ட் செய்தார். மூன்றாம் இன்னிங்கில் பாட்டர் எதிர்கொண்ட அதே தேர்வு இப்போது கார்டினல்ஸ் பிட்சர் பிளிக்ஸ் டான்னலியின்முன் வந்தது. அவர் பாய்ந்து பந்தை எடுத்து, எளிய வழியான முதல் பேஸை விட்டுவிட்டு, மூன்றாம் பேஸில் நின்ற வொயிட்டி குரோவ்ஸ்கிக்கு எறிந்து மெக்வின்னை வீழ்த்தினார். பிரவுன்ஸின் வாய்ப்பு அத்தோடு போயிற்று. அதே இன்னிங்கின் மறுபாதியில் கார்டினல்ஸின் ரே சாண்டர்ஸ் ஹிட் எடுக்க, குரோவ்ஸ்கி பண்ட் செய்து அவரை நகர்த்த, மாற்று மட்டையாளராக வந்த கென் ஓடே அடித்த அடியில் சாண்டர்ஸ் ரன் எடுத்து ஆட்டத்தை 3-2 என்று முடித்தார். மூன்று பண்ட்டுகளும் ஏறத்தாழ ஒரே வகையானவை. முடிவை வேறுபடுத்தியவை எடுத்த கைகள். தொடர் முழுவதிலும் பிரவுன்ஸ் செய்த பிழைகள் 10, கார்டினல்ஸ் செய்தது ஒன்று. நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் கார்டினல்ஸ் தொடரை வென்றதில் வியப்பில்லை.

அதே பிரவுன்ஸ் அணிக்கு அடுத்த ஆண்டு வந்தவர் பீட் கிரே. பென்சில்வேனியாவின் நான்டிகோக் என்னும் நிலக்கரி ஊரைச் சேர்ந்த அவர் சிறுவயதில் விபத்தில் வலதுகையை இழந்தவர். 1944-இல் மெம்ஃபிஸ் அணிக்காக .333 சராசரியோடு 68 பேஸ்களைத் திருடி (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதே திருட்டு), சதர்ன் அசோசியேஷன் என்னும் சிறிய லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வென்ற பிறகே பெரிய லீகுக்கு வந்தார். கூட்டம் சேர்ப்பதற்காக அவரை எடுத்தார்கள் என்ற பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. என் கவனம் அவர் பண்ட் செய்த விதத்தில் இருக்கிறது. இரண்டு கைகள் உள்ளவர் ஒரு கையால் அடியைப் பிடித்து மறு கையை மேலே நகர்த்தி மட்டையைச் சமன்செய்வார். கிரே மட்டையின் அடிக்குமிழைத் தம் விலாவில் ஊன்றிக்கொண்டு, இருக்கும் ஒற்றைக் கையை மட்டையின் தண்டில் மூன்றிலொரு பங்கு மேலே நகர்த்திப் பிடித்தார். உடம்பே இரண்டாவது கையாயிற்று. வேகமாக ஓடக்கூடியவர் என்பதால் டிராக் பண்ட் அவருக்குக் கைவந்த ஆயுதம். வீசத் தொடங்கிய மட்டையை ஒரு கையால் நடுவில் நிறுத்தமுடியாது என்பதைப் பிட்சர்கள் கண்டுகொண்டு வளைபந்துகளாக வீசியபோது அவர் சராசரி சரிந்தது; 77 ஆட்டங்களில் .218 என்று அவர் கணக்கு முடிந்தது. ஆனால் 234 வாய்ப்புகளில் 11 முறை மட்டுமே அவர் ஸ்டிரைக் அவுட்டானார். பந்தை மட்டையில் படவைக்கும் திறமை அவரிடம் குறைவாக இருந்ததில்லை.

பண்ட்டுக்கு அந்த ஆண்டுகளில் இன்னொரு வீடும் இருந்தது. சிகாகோ கப்ஸின் உரிமையாளர் ஃபிலிப் ரிக்லி 1943-இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீகில், ராக்ஃபோர்ட், ரசீன், கெனோஷா, சவுத் பெண்ட் ஆகிய ஊர்களின் நான்கு அணிகள் முதல் பருவத்தில் ஆடின. அங்கே பேஸ்களுக்கிடையே 90 அடிக்குப் பதில் 65 அடி. பந்து 12 அங்குலச் சுற்றளவு கொண்ட பெரிய பந்து. பிட்சர் 40 அடி தூரத்திலிருந்து கையைக் கீழிருந்து மேலாகச் சுழற்றி வீசினார். சாஃப்ட்பாலிலிருந்து இதை வேறுபடுத்திய முதன்மையான விதி, ஓட்டக்காரர் பேஸிலிருந்து முன்கூட்டியே விலகி நிற்கலாம், திருடலாம் என்பது. கனத்த பந்து தொலைவாகப் பறக்காது, முதல் பேஸோ நாலு எட்டில் இருக்கிறது என்னும்போது, வேகக்கால்காரிக்கு பண்ட்டே மிகச் சிறந்த அடியாகிவிடுகிறது. பண்ட்டில் தொடங்கித் திருட்டில் முடியும் ஆட்டத்தை அந்த லீக் வளர்த்தெடுத்தது. ரசீன் பெல்ஸின் சோஃபி குரிஸ் 1944-இல் 166 பேஸ்களையும், போர் முடிந்த மறு ஆண்டான 1946-இல் 201 பேஸ்களையும் திருடினார். ஆண்கள் லீகில் பற்றாக்குறை காலத்து மாற்று ஏற்பாடு என்று இகழப்பட்ட ஆட்டம், இங்கே யாரும் மன்னிப்புக் கேட்காமல் ஆடப்பட்டது. பார்க்கவும் அதுவே விறுவிறுப்பாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

போர் முடிந்து வீரர்கள் திரும்பத் தொடங்கியதும் பண்ட் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. 1945 ஜூலையில் கிரீன்பெர்க் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்குத் திரும்பினார். செப்டம்பர் 30 அன்று செயின்ட் லூயிஸில் அவர் அடித்த ஹோம் ரன் டைகர்ஸுக்கு லீக் பட்டத்தைப் பெற்றுத்தந்தது என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்குமுன் அந்த இன்னிங்கில் நடந்ததை எழுதுபவர்கள் குறைவு. ஒன்பதாம் இன்னிங் தொடங்கும்போது பிரவுன்ஸ் 3-2 என்று முன்னிலையில் இருந்தார்கள். மாற்று மட்டையாளர் ஹப் வாக்கர் ஹிட் எடுத்தார். அந்தப் பருவத்தில் .199 மட்டுமே அடித்த, மேலாளர் ஸ்டீவ் ஓநீலின் மருமகனுமான ஸ்கீட்டர் வெப் பண்ட் செய்தார். மெக்வின் பந்தை எடுத்து இரண்டாம் பேஸில் வாக்கரை வீழ்த்த முயன்றதில் இருவருமே தப்பினார்கள். அடுத்து எடி மேயோவும் பண்ட் செய்து இருவரையும் ஒரு பேஸ் நகர்த்தினார். முதல் பேஸ் காலியாக இருந்ததால் பிரவுன்ஸ் டாக் கிரேமரை, எட்டாத பந்துகளை வீசி, வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டு, கிரீன்பெர்க்கோடு மோதினார்கள். பந்து வீசியவர், முந்தைய ஆண்டு லானியரின் பண்ட்டில் தடுமாறிய அதே நெல்ஸ் பாட்டர். நான்கு ஆண்டுகளைப் போருக்குக் கொடுத்தவர் அடித்த பந்து இடதுபுறத்து இருக்கைகளில் விழுந்தது. நான்கு ரன்கள், 6-3. அந்த நான்கில் முதல் இரண்டு ரன்களுக்குரியவர்களைப் பாதிவழி கொண்டுவந்து நிறுத்தியவை, போர்க்கால ஆட்டக்காரர்கள் இருவரின் பண்ட்டுகள்.

ஓராண்டு கழித்து, 1946 உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில், கார்டினல்ஸ் தம் தடுப்பாளர்களை, பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் வழக்கமாக அடிக்கும் வலப்பக்கம் குவித்து, அவரை அடைக்கப் பார்த்தார்கள். அவர் காலியாகக் கிடந்த மூன்றாம் பேஸ் பக்கம் ஒரு பண்ட்டை உருட்டிவிட்டு முதல் பேஸில் போய் நின்றார். அன்று அவர் அணியின் ரூடி யார்க் மூன்று ரன் ஹோம் ரன் அடித்திருந்தார். பாஸ்டன் பிட்சர் பூ ஃபெரிஸ் கார்டினல்ஸை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் 4-0 என்று முடித்திருந்தார். பாஸ்டன் நாளேட்டில் பெரிய எழுத்துத் தலைப்பு கிடைத்ததோ வில்லியம்ஸ் பண்ட் செய்தார் என்ற செய்திக்கு.